வேகம் ஹோல்டர்களின் எண்ணிக்கையில்: வீட்டுப் பட்டறை லேத்துக்கு குயிக் சேஞ்ச் ஹோல்டர் செய்வது பற்றி

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர், சுந்தராபுரம் பக்கத் தெருக்களில் வீட்டின் முன்கட்டிலேயே லேத் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், வேலை செய்யக் குடும்பத்தில் ஓரிருவர். பம்ப் ஷாஃப்ட், மோட்டார் புஷ், நூற்பாலை உதிரிபாகம் என்று வருவதெல்லாம் ஜாப் ஒர்க். 1937-ல் ஜி.டி. நாயுடுவும், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மின்மோட்டார் செய்து காட்டியதிலிருந்து, தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்வது இந்த ஊரின் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த லேத்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் இருப்பது ஃபோர்வே டூல் போஸ்ட்தான். டூல் மாற்றும் ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தளர்த்தி, பேக்கிங் தகடு தேடி, சென்டர் பார்த்து, மறுபடி இறுக்கி என்று டர்னரின் நேரம் கரைகிறது.

வீட்டுப் பட்டறைக்கு குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் தேவையா? தேவையென்றால் எந்த வகை? அதை வாங்குவதா, செய்வதா? இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை வந்து சேரும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குயிக் சேஞ்சின் பலன் போஸ்டில் இருப்பதைவிட ஹோல்டர்களின் எண்ணிக்கையில்தான் அதிகம் இருக்கிறது. நல்ல போஸ்ட் ஒன்றை வாங்கிவிட்டு, ஹோல்டர்களை ஒரே தொகுதியாக நாமே செய்துகொள்வதுதான் வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வழி.

சென்டர் ஹைட் ஏன் இவ்வளவு முக்கியம்

டூலின் முனை ஸ்பிண்டிலின் மைய உயரத்தில் நிற்க வேண்டும் என்பது ஐ.டி.ஐ. டர்னர் மாணவர் முதல் வாரங்களிலேயே கேட்கும் பாடம். முனை மையத்துக்கு மேலே போனால் முன்பக்கக் கிளியரன்ஸ் குறைந்து, டூல் வெட்டாமல் உரசும். கீழே இறங்கினால் ரேக் கோணம் குறையும், ஃபேசிங் செய்யும்போது நடுவில் குமிழ் மிஞ்சும், பார்ட்டிங் செய்யும்போது ஜாப் டூல் மீது ஏறப் பார்க்கும்.

விட்டம் சிறியதாக இருந்தால் இந்தப் பிழை பெரிதாகிறது. அரை மில்லிமீட்டர் உயர வித்தியாசம் 100 மி.மீ. விட்டத்தில் கோணத்தை ஏறத்தாழ 0.6 டிகிரிதான் மாற்றும். அதே அரை மில்லிமீட்டர் 10 மி.மீ. விட்டத்தில் 5.7 டிகிரி மாற்றிவிடும். கையால் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். பிட்டில் மொத்தக் கிளியரன்ஸே எட்டு, பத்து டிகிரிதான் இருக்கும் என்பதால், இந்தப் பிழை அதில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. பெரிய ஆறடி லேத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கவனக்குறைவு, சின்ன வேலை செய்யும் வீட்டு லேத்தில் உடனே தெரிந்துவிடும்.

நம் பட்டறைகளில் உயரம் பார்க்கும் முறை எளிமையானது, நம்பகமானது. ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவில் நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை மெல்ல உள்ளே தள்ளுவார்கள். ஸ்கேல் நேராக நின்றால் முனை சென்டரில் இருக்கிறது. ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் முனை கீழே இருக்கிறது, ஜாப் பக்கம் சாய்ந்தால் மேலே இருக்கிறது. ஃபோர்வே போஸ்டில் இந்தச் சோதனைக்குப் பிறகு பேக்கிங் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். மெல்லிய தகடுகள் நாலைந்து சேர்ந்தால் இறுக்கும்போது அவை அமுங்கி உயரம் மாறுவதும் உண்டு. பிட்டின் மேல்முகத்தை மறுபடி தீட்டினால் முனை இறங்கிவிடும், முழுக் கணக்கும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். குயிக் சேஞ்ச் ஹோல்டர் இந்த வேலையை ஒரு ஸ்க்ரூவிடம் ஒப்படைக்கிறது. ஒருமுறை உயரம் வைத்து லாக் நட்டை இறுக்கிவிட்டால், அடுத்து தீட்டும் வரை அந்த டூலுக்கு உயரம் பார்க்க வேண்டியதில்லை.

ஃபோர்வே போஸ்டுக்கு உரிய மதிப்பு

இதனால் ஃபோர்வே போஸ்ட் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. 1941-ல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. ஆகியவற்றின் பழைய லேத்கள் இன்றும் நம் பட்டறைகளில் ஓடுகின்றன. ராஜ்கோட், பட்டாலா லேத்களும் அப்படியே. இவற்றின் கெட்டியான நான்கு முகக் கட்டை, டூலைக் கம்பவுண்டு ஸ்லைடின் மேல் நேராகத் தாங்குகிறது. கனமான வெட்டுக்கு அந்த உறுதி பெரிய பலம்.

வேலையின் தன்மையும் முக்கியம். ஒரே மாதிரி நூறு புஷ் செய்ய வேண்டியிருந்தால் டர்னிங், ஃபேசிங், சாம்ஃபர், பார்ட்டிங் என்று நான்கு டூலை ஒருமுறை செட் செய்துவிட்டு, போஸ்டைச் சுற்றிக்கொண்டே போவதுதான் வேகமான வழி. அங்கே குயிக் சேஞ்ச் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. கார்பைட் இன்செர்ட் டூல் மட்டுமே பயன்படுத்துபவருக்கும் பலன் குறைவு. முனை மழுங்கினால் இன்செர்ட்டைத் திருப்பி வைத்தால் போதும், உயரம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு டூலுக்கும் உரிய பேக்கிங்கை அதனுடனேயே கட்டி வைத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குயிக் சேஞ்ச் தன் விலையைத் திருப்பித் தரும் இடம் வேறு. ஒரே நாளில் ஒரு மோட்டார் ஷாஃப்ட், இரண்டு புஷ், ஒரு மரை வேலை, உடைந்த கப்ளிங் ஒன்று என்று கலந்து வரும் ரிப்பேர் பட்டறை அது. தன் கையால் ஹெச்.எஸ்.எஸ். பிட் தீட்டிப் பயன்படுத்துபவரின் பட்டறையும் அதுதான். வீட்டு லேத்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

போஸ்ட் வகைகள்

உலகில் புழங்கும் குயிக் சேஞ்ச் அமைப்புகள் பல. வீட்டில் செய்யக்கூடியவையா என்ற கண்ணோட்டத்தில் அவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உருண்டைத் தூண் வகை. இங்கிலாந்தில் நார்மன் என்ற பெயரால் அறியப்படுவது, பழைய ட்ரம்மண்ட் லேத்களில் காணப்படுவது. உருண்டையான தூண் ஒன்று, அதில் இறங்கி உட்காரும் துளையுள்ள கட்டை, பக்கத்தில் ஒரு பிளவு, இறுக்க ஒரு போல்ட். லேத்தைத் தவிர வேறு மெஷின் இல்லாதவரும் இதைச் செய்துவிடலாம், ஏனென்றால் தேவைப்படுவது துல்லியமான போரிங் மட்டும்தான். இதன் குறை, ஹோல்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் கோணம் மாறிப்போவது. மரை வெட்டும் டூலுக்கும் பார்ட்டிங் டூலுக்கும் கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டாவது, டிக்சன் வகை. பிரிட்டிஷ் லேத்களில் பரவலாக இருப்பது. போஸ்டின் முகத்தில் இரண்டு வி வடிவ வழிகள் உண்டு, ஒரு டி வடிவக் கொக்கி ஹோல்டரை உள்ளிழுத்து அவற்றில் உட்கார வைக்கும். துல்லியம் நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வி-க்களும் ஒன்றுக்கொன்று சரியான தொலைவில் அமையாவிட்டால் ஹோல்டர் ஒன்றில் மட்டுமே உட்காரும். கிரைண்டிங் வசதியில்லாதவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாவதும் நான்காவதும் டவ்டெயில் குடும்பம். அமெரிக்காவின் அலோரிஸ் நிறுவனத்தால் புகழ் பெற்ற வடிவம் இது. ஹோல்டரின் முதுகில் டவ்டெயில் பள்ளம், போஸ்டில் அதற்கேற்ற டவ்டெயில். பிஸ்டன் வகையில் கைப்பிடியைத் திருப்பினால் நடுவிலிருந்து ஒரு பிஸ்டன் வெளியே தள்ளி ஹோல்டரை இறுக்கும். ஆப்பு வகையில், அதாவது வெட்ஜ் வகையில், மேலும் கீழும் நகரும் ஆப்பு ஒன்று டவ்டெயிலைப் பிடித்து ஹோல்டரைப் போஸ்டோடு இழுத்து அணைக்கும். ஆப்பு வகையில் தொடும் பரப்பு அதிகம், கழற்றி மாட்டும்போது பழைய இடத்துக்கே திரும்பும் தன்மையும் அதிகம். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வாங்குவதானால் ஆப்பு வகையைத்தான் வாங்க வேண்டும்.

ஐந்தாவது, ஸ்விட்சர்லாந்தின் மல்டிஃபிக்ஸ். போஸ்டைச் சுற்றிலும் பற்கள், ஹோல்டரிலும் பற்கள். ஒரே ஹோல்டரை 40 நிலைகளில், 9 டிகிரிக்கு ஒன்றாக மாட்டலாம். ஐரோப்பாக் கண்டத்தின் பட்டறைகளில் மிகவும் மதிக்கப்படும் அமைப்பு. ஆனால் அந்தப் பற்களை வீட்டில் வெட்டுவது கடினம் என்பதால், மல்டிஃபிக்ஸ் எடுத்தவர் ஹோல்டர்களையும் வாங்கியே ஆக வேண்டியிருக்கும்.

இவற்றை அலசினால் ஒன்று தெளிவாகிறது. ஹோல்டரை வீட்டிலேயே பெருக்கிக்கொள்ள முடிகிற வகைகள் இரண்டு: உருண்டைத் தூணும் டவ்டெயிலும். அவற்றில் கோணத்தையும் காப்பாற்றுவது டவ்டெயில் மட்டுமே. சந்தையில் டவ்டெயில் போஸ்ட்கள் 100, 200, 300 என்ற வரிசை எண்களில் கிடைக்கின்றன. ஸ்விங் 300 மி.மீ. வரை உள்ள லேத்துக்கு 100 வரிசை பொருந்தும். அதற்கு மேல் 200, 300. 180 மி.மீ. ஸ்விங் உள்ள மினி லேத்துக்கு இவற்றைவிடச் சிறிய அளவும் உண்டு. இந்த அளவுகளை உலகெங்கும் பலர் பின்பற்றுவதால், நாம் செய்யும் ஹோல்டர் நாளை வேறொரு போஸ்டிலும் உட்கார வாய்ப்புண்டு.

ஏன் எண்ணிக்கை

போஸ்டோடு தொகுப்பாக வரும் ஹோல்டர்கள் பெரும்பாலும் ஐந்துதான். டர்னிங்குக்கு இரண்டு, போரிங் பார் ஒன்று, பார்ட்டிங் ஒன்று, நர்லிங் ஒன்று. வலது கை டூல், இடது கை டூல், ஃபேசிங், சாம்ஃபர், வெளி மரை, உள் மரை என்று வேலை விரியும்போது ஒரே ஹோல்டரில் டூலைக் கழற்றி மாட்ட ஆரம்பிக்கிறோம். அந்த நொடியிலேயே குயிக் சேஞ்ச் என்ற பெயர் பொய்யாகிவிடுகிறது. டூல் மாறினால் உயரம் மாறும், ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும், ஸ்கேலை மறுபடி எடுக்க வேண்டும். ஃபோர்வே போஸ்டின் சிரமங்கள் எல்லாம் புது உடையில் திரும்பி வருகின்றன. ஒவ்வொரு டூலுக்கும் அதற்கென்றே ஒரு ஹோல்டர் இருந்தால்தான் இந்த அமைப்பு தான் சொன்னதைச் செய்யும். டி.ஆர்.ஓ. பொருத்திய லேத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு டூலின் ஆஃப்செட்டையும் அதில் பதிந்து வைக்கலாம். டூலை ஹோல்டரிலிருந்து கழற்றாத வரைதான் அந்தப் பதிவுக்கு அர்த்தம் உண்டு.

பொருளும் பள்ளமும்

ஹோல்டருக்கு எம்.எஸ். போதும் என்று பலர் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில் டூல் இறுக்கும் மரைகள் தேய்ந்துவிடும், பள்ளத்தின் தரையில் குழி விழும். இ.என்.8 நல்ல நடுவழி: வெட்ட எளிது, மரை நிற்கும், ஹார்டனிங் செய்யாமலேயே வீட்டு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஹார்டனிங் செய்தால் உருக்கு வளையும், வளைந்தால் கிரைண்டிங் வேண்டும், செலவு இரட்டிப்பாகும். இன்னொரு எச்சரிக்கை: கோல்டு டிரான் பட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக வெட்டினால், உள்ளே தேங்கிய அழுத்தம் விடுபட்டு பட்டை வில்லாக வளையும். ஹாட் ரோல்டு பட்டையை வாங்கி நான்கு முகமும் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பு.

ஹோல்டர்களை ஒவ்வொன்றாகச் செய்யக் கூடாது. எடுத்துக்காட்டாக 75 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம், 350 மி.மீ. நீளமுள்ள பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எட்டு கிலோவுக்குச் சற்று மேலே எடை வரும். முழு நீளத்துக்கும் டவ்டெயில் பள்ளத்தை ஒரே செட்டிங்கில் வெட்டிவிட்டு, பிறகு 55 மி.மீ. துண்டுகளாக அறுத்து முனைகளை ஃபேசிங் செய்தால், 50 மி.மீ. உயரமுள்ள ஆறு ஹோல்டர்கள் கிடைக்கும். ஆறுக்கும் டவ்டெயில் ஒரே அளவில் இருக்கும், ஏனென்றால் அவை ஒரே பள்ளத்தின் துண்டுகள். நடுப்பகுதியைச் சாதாரண எண்ட் மில்லால் முதலில் எடுத்துவிட்டு, கோண ஓரங்களுக்கு மட்டும் டவ்டெயில் கட்டரை இறக்க வேண்டும். அந்தக் கட்டரின் கழுத்து மெல்லியது, பல் முனை கூர்மையானது, அவசரத்தைத் தாங்காது. மில்லிங் மெஷின் இல்லாத பட்டறைக்கு ஷேப்பர் இதே வேலையை அழகாகச் செய்யும்: தலையைக் கோணத்துக்குத் திருப்பி, கிளாப்பரைச் சாய்த்து, ஒற்றை முனை டூலால் ஒவ்வொரு பக்கமாக வெட்டலாம்.

அளவு பார்ப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டவ்டெயிலின் கூர்மூலையை வெர்னியரால் அளக்க முடியாது. ஒரே விட்டமுள்ள இரண்டு டோவல் பின்களைப் பள்ளத்தின் இரு மூலைகளிலும் படுக்க வைத்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 60 டிகிரி டவ்டெயிலில் அடிப்பக்க முழு அகலத்திலிருந்து பின் விட்டத்தின் 2.732 மடங்கைக் கழித்தால் கிடைப்பதே அந்த இடைவெளி. 6 மி.மீ. பின்னுக்குக் கழிக்க வேண்டியது 16.39 மி.மீ. கணக்கையே தவிர்க்கவும் வழி உண்டு. போஸ்டோடு வந்த ஹோல்டர் ஒன்றில் அதே பின்களை வைத்து அளந்து, அந்த எண் வரும் வரை புதுப் பள்ளத்தை விரித்தால் போதும். கடைசி நீதிபதி போஸ்டின் கைப்பிடி. வாங்கிய ஹோல்டரில் கைப்பிடி எந்த இடத்தில் இறுகி நிற்கிறதோ, நாம் செய்ததிலும் ஏறக்குறைய அங்கேயே நிற்க வேண்டும். தாண்டிப் போனால் பள்ளம் அகலமாகிவிட்டது என்று பொருள்.

டூல் பள்ளத்தை லேத்திலேயே வெட்டுவது

டூல் உட்காரும் பள்ளம் டவ்டெயிலுக்குச் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஜிக் எதுவும் வேண்டாம், போஸ்டே ஜிக் ஆகும். டவ்டெயில் முடிந்து, உயர ஸ்க்ரூ மாட்டிய கட்டையைப் போஸ்டின் சக் பக்க முகத்தில் பூட்டுங்கள். ஸ்பிண்டிலில் காலெட் வைத்து எண்ட் மில்லை மாட்டுங்கள். மூன்று தாடை சக்கில் எண்ட் மில்லைப் பிடித்தால் வெட்டும்போது அது மெல்ல வெளியே நழுவி ஆழத்தைக் கெடுத்துவிடும், ஆகவே காலெட்தான் சரி. சாடிலை நகர்த்தி ஆழம் கொடுத்துப் பூட்டிவிட்டு, கிராஸ் ஸ்லைடால் குறுக்கே ஓட்டினால் பள்ளம் உருவாகும். கம்பவுண்டு ஸ்லைடையும் இறுக்கி வைக்க வேண்டும், ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படக் கூடாது. பள்ளத்தின் அகலத்தை ஹோல்டரின் உயர ஸ்க்ரூவைத் திருப்பியே கூட்டிக்கொள்ளலாம். இப்படி வெட்டிய பள்ளத்தின் தரை, கிராஸ் ஸ்லைடின் ஓட்டத்துக்கும் ஸ்பிண்டில் அச்சுக்கும் தானாகவே இணையாக அமைந்துவிடுகிறது.

வெட்டும் முன் ஒரு கணக்கு அவசியம். கம்பவுண்டு ஸ்லைடின் மேல் தளத்திலிருந்து மைய உயரம் 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. டூலுக்குக் கீழே ஹோல்டரின் அடிக்கட்டைக்கு 8 மி.மீ.தான் மிஞ்சும். அதிலும் உயரம் இறக்க ஓரிரு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். இடம் போதாவிட்டால் 10 மி.மீ. டூலுக்கு இறங்கிவிடுவதே நல்லது. அடியை மெலிய விட்டால் ஹோல்டர் வெட்டும்போது துடிக்கும்.

இறுக்கும் ஸ்க்ரூக்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அலன் கிரப் ஸ்க்ரூவின் முனை டூல் மேல் அழுந்தி அழுந்தி அகன்றுவிடும், பிறகு மரை வழியாக வெளியே வராது. முனையில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தை மரையின் அடிவிட்டத்தைவிடச் சிறியதாகக் கடைந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கோவையும் ஸ்கீவவும்

ஊருக்கு ஊர் இந்தக் கேள்வியின் பதில் சற்று மாறுகிறது. டென்மார்க்கின் ஜட்லாண்டில், லிம்ஃபியோர்டை ஒட்டிய ஸ்கீவ போன்ற சிறு நகரத்தில் கராஜில் லேத் வைத்திருப்பவரை எண்ணிப் பார்ப்போம். ஜட்லாண்டின் பல ஊர்களில் 1980-களிலிருந்து ஈழத்தமிழர் குடியேறி வாழ்வதால், அப்படி ஒருவர் தமிழராகவே இருக்கலாம். டென்மார்க்கில் வீடுகளுக்கே 400 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரம் வருவது வழக்கம் என்பதால் பெரிய மோட்டார் அங்கே தடையில்லை. ஆனால் கூலி மிக அதிகம். ஷேப்பர் வேலையைப் பக்கத்துத் தெருவில் கொடுத்து வாங்கும் வசதி கிடையாது. முழு வேலையையும் தன் லேத்திலேயே முடிக்க வேண்டிய அவருக்கு, மேலே சொன்ன காலெட் வழி மிகவும் பயன்படும். சூடேற்றாத கராஜில் குளிர்காலத்தில் வெற்று உருக்கின் மேல் ஈரம் படிந்து துரு ஏறும். ஆகவே ஹோல்டர்களைச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்துக் கருமையாக்குவது அங்கே கட்டாயம்.

கோவைக்காரருக்கு வேறு வசதி. ஷேப்பர், கிரைண்டிங், ஹார்டனிங், வயர் கட்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்காகக் கிடைக்கும். ஹார்டனிங் முடிந்த கட்டையில் வயர் கட்டிங்கால் டவ்டெயிலை எடுத்தால், வளைவு என்ற பிரச்சினையே எழாது. வெட்டும் பரப்புக்கு ஏற்பக் கூலி என்பதால் தொகுதியாகக் கொடுப்பவருக்கு அது கட்டுப்படியாகும். அவருக்கு இருக்கும் தடை, சம்பாதிக்கும் லேத்தை ஓரிரு நாள் தனக்காக நிறுத்த வேண்டியிருப்பது.

குறைகளும் பரிகாரமும்

டவ்டெயில் போஸ்டில் டூல் கம்பவுண்டு ஸ்லைடின் நடுவிலிருந்து வெளியே தள்ளி நிற்கிறது. சிறிய லேத்தில் இந்தத் தொங்கல் உறுதியைக் குறைக்கும், பார்ட்டிங்கில் அதிர்வு வரும். டேப்பர் வேலை இல்லாத நாட்களில் கம்பவுண்டு ஸ்லைடைக் கழற்றிவிட்டு, அதே உயரமுள்ள கெட்டியான வார்ப்பிரும்புக் கட்டையைக் கிராஸ் ஸ்லைடில் பொருத்தி அதன் மேல் போஸ்டை வைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். ஃபவுண்டரிகள் நிறைந்த கோவையில் அப்படியொரு கட்டையை வார்த்து வாங்குவது எளிது. பார்ட்டிங் பிளேடை வேண்டிய அளவுக்கு மட்டும் நீட்டி வைப்பதும், ஸ்லைடின் கிப் இறுக்கத்தைச் சரிபார்ப்பதும் இதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

செய்ய வேண்டியது

தொடங்குபவர் ஆப்பு வகை டவ்டெயில் போஸ்ட் ஒன்றை லேத்தின் ஸ்விங்குக்கேற்ற வரிசையில் வாங்கட்டும். முதல் தொகுதியாக ஆறு சாதாரண ஹோல்டர்கள் செய்யட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு டூலை நிரந்தரமாக மாட்டி, உயரம் வைத்து, எண் குத்திவிடட்டும். போரிங் பார் ஹோல்டர், டயல் கேஜ் ஹோல்டர் எல்லாம் இரண்டாம் தொகுதிக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பட்டறை தன் ஃபோர்வே போஸ்டை மாற்ற வேண்டியதே இல்லை.

இதைத் தனி ஆளின் வேலையாகவே விட்டுவிடவும் வேண்டியதில்லை. ஒரு தெருவில் உள்ள பட்டறைகள் ஒரே வரிசை எண்ணை ஏற்றுக்கொண்டு, ஒரு மாஸ்டர் கேஜைப் பொதுவாக வைத்துக்கொண்டால், பட்டை வாங்குவதும் வயர் கட்டிங் கொடுப்பதும் கூட்டாக நடக்கும். ஒரு பட்டறையின் மரை டூலை ஹோல்டரோடு இன்னொரு பட்டறை இரவல் வாங்கி மாட்டலாம். ஐ.டி.ஐ. டர்னர் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேலையும் அரிது. டவ்டெயில், பின் வைத்து அளத்தல், மரை, ஒரே அளவில் பல பிரதி என்று அவர்கள் கற்க வேண்டியவை இந்த ஒரு கட்டைக்குள் அடங்குகின்றன. ஆண்டுதோறும் செய்து காட்டிவிட்டுக் கழிவில் போடும் பயிற்சித் துண்டுகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரும் ஒரு ஹோல்டர் செய்து, படித்து முடித்துப் போகும்போது தன்னோடு எடுத்துச் செல்லலாம். குறுந்தொழில் சங்கங்களும் பயிற்சி நிலையங்களும் மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும்.